பரணில் யாருடைய பெட்டி?

காமிக்ஸ் சேகரிப்பவர்களிடம் ஏன் சேகரிக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அது எங்க சின்ன வயசு." இந்தப் பதிலில் இரண்டு நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன. ஒரு தாளைக் காசு கொடுத்து வாங்கினால் ஒரு வயதையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்பது முதல் நம்பிக்கை. அந்த வயது நம் எல்லாருக்கும் ஒன்றுபோலவே இருந்தது என்பது இரண்டாவது. முதலாவதுடன் எனக்குப் பகை இல்லை. கவிதை எழுதுகிறவள் அதைப் பழிக்க முடியாது. இரண்டாவதைத்தான் இந்தக் கட்டுரை விசாரிக்கிறது. ‘எங்க’ என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள்? யார் இல்லை?

தமிழில் காமிக்ஸ் சேகரிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிவகாசி. 1972இல் முத்து காமிக்ஸ் அங்கே தொடங்கியது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. மூன்றும் மட்டமான தாளில், சிறுவர் கைச்செலவுக்கு எட்டும் விலையில் வந்த இதழ்கள். அவற்றின் பழைய பிரதிகளுக்கு இன்று ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது.

இதற்கு மேலே இன்னொரு படி உண்டு. மிகச் சிலருக்கே கைகூடும் படி அது. அச்சான புத்தகத்தை விட்டுவிட்டு, அச்சுக்குப் போகும் முன் ஓவியர் தன் கையால் வரைந்த தாளையே வாங்குவது. ‘ஒரிஜினல்’ என்கிறார்கள். நான் இங்கே மூலத்தாள் என்கிறேன். உலகச் சந்தையில் இதன் விலை மலைக்க வைப்பது. 2021 ஜனவரியில் பாரிஸில் நடந்த ஏலத்தில், டின்டினின் ‘நீலத்தாமரை’ கதைக்காக எர்ஜே 1936இல் தீட்டிய அட்டை ஓவியம் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது. மறு ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஸ்பைடர்மேன் வரும் ஒரே ஒரு பக்கம், 1984ஆம் ஆண்டுக் கதை ஒன்றிலிருந்து எடுத்தது, 33 லட்சம் டாலரைத் தாண்டியது. நம் ஊரில் வாங்குகிறவர்கள் இந்தத் தொகைகளின் பக்கமே போவதில்லை. மாதத் தவணை கட்டி, வெளிநாட்டில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லி, ஒரு தாளை வரவழைக்கிற சம்பளக்காரர்கள் அவர்கள். அந்த ஆசை உண்மையானது. அதனால்தான் அதோடு வாதாடத் தோன்றுகிறது.

*

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் மாடஸ்டி பிளைஸி தொடரின் மூலத்தாள் ஒன்று இருக்கிறது. நாளிதழில் ஒரு நாளைக்கு வந்த ஒரே ஒரு பட்டை. அச்சில் அது உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடும். தாளிலோ ஒரு முழம் போல நீளம். பென்சில் கோடு அழிந்தும் அழியாமலும் அடியில் கிடக்கிறது. ஓரிடத்தில் கை தவறியதை வெள்ளைப் பூச்சு மூடியிருக்கிறது. புத்தகத்தில் ஒரே கறுப்பாகத் தெரிந்த கூந்தலில் தூரிகை எத்தனை முறை போய்வந்தது என்று இங்கே எண்ணிவிடலாம். தயக்கம் தெரிகிறது, வேகம் தெரிகிறது. வரைந்தவர் எந்த இடத்தில் நிம்மதியடைந்தார் என்பதுகூடத் தெரிவதுபோல் இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கிளர்ச்சி புதிதல்ல. ஏட்டுக்கும் பதிப்புக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் எங்கள் துறையே நிற்கிறது. ஏடு தேடி அலைந்த உ.வே.சாமிநாதையர் அடைந்த பரவசத்தைப் பாடம் நடத்தாத தமிழாசிரியர் இல்லை. மூலத்தைக் கண்டுவிட்டால் ஆசிரியரின் கையையே தொட்டுவிட்டோம் என்ற எண்ணம் வருகிறது. ஆனால் நம் கைக்கு வரும் ஏடு பெரும்பாலும் ஆசிரியர் எழுதியது அல்ல, படியெடுத்தவர் எழுதியது. ஏடு தன்னைப் படியெடுத்தவரைச் சொல்லும். அடித்ததையும் திருத்தியதையும் சொல்லும். யார் வீட்டில் இருந்தது என்றுகூடச் சில சமயம் சொல்லும். ‘மூலம்’ என்று நாம் கும்பிடுவதில் எப்போதும் பல கைகள் இருக்கின்றன. எந்தக் கையை மூலம் என்று அழைப்பது, எந்தக் கையைப் பிழை என்று தள்ளுவது என்பதைப் பதிப்பாசிரியர் முடிவு செய்கிறார். காமிக்ஸ் மூலத்தாளில் அந்த முடிவைச் சந்தை எடுக்கிறது.

அந்த முடிவில் பெண்களின் கைகள் எங்கே போகின்றன என்பதற்கு மாடஸ்டியைவிட நல்ல சாட்சி கிடையாது.

*

லயன் காமிக்ஸின் முதல் இதழ் ஆண் நாயகனோடு தொடங்கவில்லை. 1984 ஜூலையில் வந்த ‘கத்தி முனையில் மாடஸ்டி’தான் அந்த முதல் இதழ். சிங்கத்தின் பெயரில் தொடங்கிய இதழின் வாசலில் நின்றவள் ஒரு பெண் என்பதை நினைவேக்கக் கூட்டங்களில் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு மாயாவிக்கும் டெக்ஸுக்கும் போய்விடுவார்கள்.

மாடஸ்டியை எழுதியவர் பீட்டர் ஓ'டானல். முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. 1963 மே மாதம் லண்டனின் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் தொடங்கி 2001 வரை ஓடிய தொடர் இது. அவளுக்கு விதையாக இருந்த சம்பவத்தை ஓ'டானல் பலமுறை சொல்லியிருக்கிறார். 1942இல், போர்க்காலத்தில், ஈரானின் வடபகுதியில் சிப்பாயாக இருந்தபோது தனியாக நடந்து வந்த ஓர் அகதிச் சிறுமியை அவர் பார்த்தார். அவளிடம் சிறு மூட்டையும், கழுத்துக் கயிற்றில் ஓர் ஆயுதமும் இருந்தன. மரத்துண்டில் ஆணியைக் கட்டிச் செய்த ஆயுதம். கொடுத்த உணவைச் சாப்பிட்டாள், சிரித்தாள், மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதையில் வரும் மாடஸ்டியும் பெயரில்லாத அகதிச் சிறுமிதான். முகாமில் கூட இருந்த முதியவர் ஒருவர் அவளுக்குப் பெயர் வைக்கிறார். பிற்பாதிப் பெயரை அவளே சூட்டிக்கொள்கிறாள். மாடஸ்டியின் உண்மையான மூலம் எந்தத் தாளிலும் இல்லை. தன் உடைமை முழுவதையும் ஒரு மூட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்துபோன ஒரு சிறுமியிடம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள். வீடும் பெட்டியும் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

மாடஸ்டியிடம் என்னை ஈர்த்தது துப்பாக்கியைவிட வில்லி கார்வின்தான். அவன் அவளுடைய காதலன் இல்லை, கணவன் இல்லை, அண்ணனும் இல்லை. அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன், அவளுக்காக உயிரைக் கொடுப்பவன், அவளை ‘இளவரசி’ என்று அழைப்பவன். அந்தச் சொல்லையே தமிழ் வாசகர்களும் அவளுக்குப் பட்டமாக்கிக்கொண்டார்கள். அகத்திணை மரபில் தலைவிக்குத் தோழி உண்டு, தலைவனுக்குப் பாங்கன் உண்டு. தலைவிக்கு ஓர் ஆண் நண்பன் என்றால் அவனை வைக்க நம் இலக்கணத்தில் இடமே இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கு அந்த இடத்தை மட்டத் தாளில் அச்சான ஒரு வெள்ளைக்காரக் கதைதான் காட்டியது. ஊரில் ஒரு பையனோடு நின்று பேசினாலே பேராகிவிடும். அங்கே ஓர் ஆண் ஒரு பெண்ணிடம், எதையும் திருப்பிக் கேட்காமல், "சொல்லுங்க இளவரசி" என்கிற தோரணையில் நிற்கிறான். சண்டைக் காட்சிகளைவிட அதுதான் எங்களுக்குச் சாகசமாக இருந்தது.

இனி மைக்கு வருவோம். தமிழில் வரும்போது மாடஸ்டியின் உடலில் கறுப்பு மை கூடும் என்பது வாசகர்கள் நெடுநாளாக அறிந்த விஷயம். தோள் தெரிந்த இடத்தில் சட்டை வந்துவிடும், முதுகில் துணி முளைக்கும். மாடஸ்டி என்ற பெயருக்கு நாணம் என்று பொருள் கொள்ளலாம். நாணம் என்றே பெயர் கொண்ட ஒருத்திக்கு நம்மவர்கள் இன்னும் கொஞ்சம் நாணத்தைத் தூரிகையால் பூசி அனுப்பினார்கள். அச்சம், மடம், பயிர்ப்பு ஆகிய மூன்றையும் அவளிடம் பூச முடியவில்லை. நான்கில் மையால் முடிந்தது ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் மூலத்தாள் ஆசை தன் முகத்தைக் காட்டுகிறது. "தமிழ்ல கெடுத்துட்டாங்க, ஒரிஜினல்ல எப்படி இருக்கு பாருங்க" என்று காட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் மூலம் என்பது மை பூசாத உடல். பூசியவரும் ஆண், பூசாமல் பார்க்கத் துடிப்பவரும் ஆண். தணிக்கை பெண்ணின் உடலை ஆபத்து என்று படித்தது. சேகரிப்பு அதையே பரிசு என்று படிக்கிறது. இரண்டு வாசிப்பிலும் கண் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஹோல்டவேயின் கோட்டில் அவள் உடல் காட்சிப்பொருளாகவும் வரைந்திருக்கிறது, வேலை செய்கிற உடலாகவும் வரைந்திருக்கிறது. குனியும்போது எடை எந்தக் காலில் இறங்குகிறது, அடிக்கும்போது தோள் எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் அந்தக் கோட்டில் உண்டு. மூலத்தாளைக் கையில் வைத்திருக்கிறவர்கள் இந்த இரண்டாவதைப் பற்றிப் பேசி நான் கேட்டது குறைவு.

மை பூசிய தமிழ்ப் பக்கத்தைக் ‘கெட்ட பிரதி’ என்று தூக்கியெறிய என்னால் முடியாது. அதுதான் நாங்கள் படித்த மாடஸ்டி. ஒரு பெண் உடல் தமிழ்நாட்டின் தபாலில், பேருந்தில், வீட்டு நடையில் பயணம் செய்ய என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு அந்த மைதான் ஆவணம். அந்த மை இல்லையென்றால் அந்த இதழ் பல வீடுகளில் பெண்பிள்ளையின் கைக்கு வந்தே இருக்காது என்பதும் உண்மை. பெண்ணிய வாசிப்புக்கு இந்த இரட்டை நிலை வேண்டும். மையை மன்னிக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அந்தத் தமிழ்ப் பக்கமும் ஒரு மூலம்தான்.

*

மூலத்தாளில் யாருடைய கை இல்லை என்ற கேள்வி இன்னும் தூரம் போகிறது.

ஐரோப்பியக் காமிக்ஸில் மூலத்தாள் என்பது வழக்கமாகக் கறுப்பு மைக் கோடு மட்டுமே. வண்ணம் அதில் இருக்காது. கோட்டை இளநீலத்தில் தனித்தாளில் அச்சிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள். எர்ஜேயின் ஓவியக்கூடத்தில் 1950களிலிருந்து வண்ணப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் ஜோசெட் போஜோ என்ற பெண். அவருடன் வேலை பார்த்தவர்களிலும் பெண்கள் பலர். எர்ஜே பின்னாளில் மணந்துகொண்ட ஃபானியும் அங்கே வண்ணம் தீட்ட வந்தவர்தான். உலகக் குழந்தைகளின் நினைவில் டின்டின் கறுப்பு வெள்ளையாக இல்லை. நீலச் சட்டையாக, திபெத்தின் வெண்பனியாக, நிலவுக்குப் போகும் சிவப்பு வெள்ளைக் கட்ட ராக்கெட்டாக இருக்கிறான். அந்த நினைவைத் தீட்டிய கைகளில் பல பெண்களின் கைகள். சந்தையோ கோட்டுத்தாளை மூலம் என்கிறது, வண்ணத்தாளைத் துணைப்பொருள் என்கிறது.

அமெரிக்காவிலும் இதே வழக்கம்தான். மேரி செவரின் வரையவும் தெரிந்தவர், நகைச்சுவையாக வரைவதில் தனித்திறன் கொண்டவர். அவருடைய தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி மற்றவர் கோட்டுக்கு வண்ணம் சொல்வதில் கழிந்தது. கோடு ‘படைப்பு’, வண்ணம் ‘வேலை’. அரிசியில் கல் பொறுக்குவது வேலை, பந்தியில் பரிமாறுகிறவர் வாங்குவது பெயர் என்று நம் வீடுகளில் இருக்கிற அதே கணக்கு.

கோடு போட்ட ஆண்களுக்கும் தாள் எளிதில் சொந்தமாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்வெல் நாயகர்களில் பாதிப்பேருக்கு உருவம் கொடுத்த ஜாக் கிர்பி, தான் வரைந்த ஆயிரக்கணக்கான பக்கங்களைத் திரும்பக் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார். 1987இல் சுமார் 1,900 பக்கங்கள்தான் அவரிடம் வந்து சேர்ந்தன. உழைப்பவரிடமிருந்து உழைப்பின் தடத்தைப் பிரிப்பது இந்தத் தொழிலின் பழைய பழக்கம். ஆனால் கிர்பிக்குக் கேட்பதற்கு ஒரு தாள் இருந்தது. வண்ணம் தீட்டியவளுக்குக் கேட்க என்ன இருந்தது?

சிவகாசிக்கு வந்தால் கைகள் இன்னும் கூடும். ஆங்கிலப் பேச்சை எடுத்துவிட்டுப் பலூனுக்குள் தமிழை வைத்த கை, சட்டை பூசிய கை, அட்டையைப் புதிதாகத் தீட்டிய உள்ளூர் ஓவியரின் கை. அதற்குப் பிறகு மடிப்பு, அடுக்கு, பின், பைண்டிங். அந்த ஊரின் அச்சுத்தொழிலில் இந்தக் கடைசி வேலைகள் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. பழைய இதழைப் பிரிக்கும்போது நடுப்பக்கத்தில் இரண்டு துருப்பிடித்த பின்கள் இருக்கும். சேகரிப்பாளர்கள் அதைக் கவலையோடு பார்ப்பார்கள், துரு பரவுமே என்று. எனக்கு அது ஒரு கையொப்பம்போலத் தெரிகிறது. எத்தனையோ ஆயிரம் இதழ்களை ஒரு கை நேராக வைத்து அடித்திருக்கிறது.

*

"பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லையே, மேடம்" என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் என்னிடம் சொன்னார். படிப்பதில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? சேகரிப்பாளர் கூட்டத்தில் பெண்களைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். படித்தவர்களையும் வைத்திருப்பவர்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். வைத்திருப்பதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும்.

ஜேடர்பாளையத்தை எடுத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த ஊர் என்பதால். காவிரிக் கரை. ஊரைச் சொன்னால் படுகை அணையையும் ராஜவாய்க்காலையும் சொல்வார்கள். வாய்க்கால் தண்ணீரில் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். கரும்பு ஆலைக் கொட்டகையில் பாகு காய்ந்து வெல்லமாகிப் பிலிக்கல்பாளையம் மண்டிக்குப் போகும். நாங்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில் காமிக்ஸ் இங்கே பேருந்தில் வந்தது. பரமத்தி வேலூருக்கோ திருச்செங்கோட்டுக்கோ போன அண்ணன் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி வருவான். முதலில் அவன் படிப்பான், பிறகு அவன் கூட்டாளிகள், மூன்றாவது முறையாகத் தங்கைகள். பாத்திரம் கழுவிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, வாசல் திண்ணையில் வெளிச்சம் மிச்சமிருக்கும்வரை. மூன்றாவதாகப் படித்தவர்கள்தான் அதிகமுறை படித்தவர்கள். கதையை வகுப்பில் மற்ற பெண்களுக்குச் சொல்லிக் காட்டியவர்களும் அவர்கள்தான்.

சில பெண்கள் சேர்த்தும் வைத்தார்கள். எனக்கும் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பெண்ணின் பெட்டிக்கு ஒரு காலக்கெடு உண்டு. கல்யாணத்தின்போது சீர் எழுதுவார்கள்: கட்டில், பீரோ, பித்தளை, எவர்சில்வர். எந்தச் சீர்ப்பட்டியலிலும் ‘காமிக்ஸ், ஒரு பெட்டி’ என்று எழுதி நான் பார்த்ததில்லை. புகுந்த வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் புத்தி வளராத பெண் என்பார்கள். பிறந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனால், "கட்டிக்குடுத்த புள்ளைக்கு இங்க என்னத்துக்குப் பொட்டி?" என்று பெரியம்மா கேட்பார். அடுத்த தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டி இறங்கும். தாள் பழைய பேப்பர் கடைக்கோ கடலைப் பொட்டலத்துக்கோ போகும், தகரம் கோழிக்கு அடைப்பாகும். அண்ணனின் பெட்டி பரணிலேயே இருக்கும். ஏனென்றால் அந்தப் பரண் அவனுடையது.

ஆடிப்பெருக்கன்று மகள்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள், காவிரிக்குப் போய் முளைப்பாரி விடுவார்கள், ஈரப் புடவையோடு திரும்புவார்கள். விருந்தாளிகளாக வந்திருக்கிறவர்கள் பரணில் ஏறிப் பார்க்க மாட்டார்கள். ஆடிப்பெருக்கில் வெள்ளத்தோடு விடப்பட்ட ஏடுகளைப் பற்றி உ.வே.சா. வருந்தி எழுதியிருக்கிறார். பெண்களின் சின்ன வயதை எந்த ஆறும் கொண்டுபோகவில்லை. வெள்ளையடிப்பில் போயிற்று. சொத்துரிமை பற்றிப் பேசும்போது நாம் நிலத்தையும் நகையையும் பேசுகிறோம், சரிதான். அதோடு பரணையும் சேர்க்க வேண்டும். நாற்பது வயதில் ஒருவர் தன் பத்து வயதைத் தேடிப்போக, இடைப்பட்ட முப்பது ஆண்டும் மாறாத ஒரு வீடு அவருக்கு இருந்திருக்க வேண்டும். நினைவேக்கம் மனநிலை என்றுதான் சொல்கிறோம். அதற்கும் பட்டா வேண்டியிருக்கிறது.

பெண்கள் சேகரிக்கவே இல்லையா? சேகரித்தார்கள், வேறு பெயரில். ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை வைத்துப் பைண்டு செய்தவர்களில் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர். பின்னால் வந்த தொடர்கதைகளுக்கும் அப்படியே. அந்தப் பைண்டு புத்தகங்களை இன்று தேடுகிறார்கள், மணியம் வரைந்த படங்கள் வந்த வடிவிலேயே இருக்கின்றன என்பதற்காக. விற்பவர் ‘மணியம் ஓவியங்களுடன்’ என்பார். ‘இன்னார் தைத்தது’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆண் சேர்த்தால் கலெக்‌ஷன், பெண் சேர்த்தால் வீட்டுச் சாமான்.

*

கொங்குப் பக்கத்தில் பிறந்த ஓவியர் ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ‘அம்புலிமாமா’வின் சங்கர், 1924இல் ஈரோட்டுப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து 2020இல் மறைந்தவர். தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமனை அவர் வரைந்த படம் மூன்று தலைமுறையின் மனத்தில் ஒட்டியிருக்கிறது. அதன் மூலத்தாள் யாரிடமும் இல்லாவிட்டாலும் எல்லாரிடமும் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அந்த வேதாளக் கதைகளில் மந்தாரவதி கதை ஒன்று. மூன்று பேர் அவளை மணக்க விரும்புகிறார்கள். அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் அவள் சாம்பலைப் படுக்கையாக்கிச் சுடுகாட்டிலேயே தங்குகிறான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான். ஒருவன் ஊர்சுற்றிப் போய் மந்திரம் கற்றுவந்து அவளை உயிர்ப்பிக்கிறான். அவள் யாருக்குச் சொந்தம் என்று வேதாளம் கேட்கிறது. உயிர் கொடுத்தவன் தந்தை, எலும்பைச் சுமந்தவன் மகன், சாம்பலைக் காத்தவனே கணவன் என்கிறான் விக்கிரமன். சேகரிப்பாளர்களுக்கு மிகவும் பிடிக்க வேண்டிய தீர்ப்பு இது. சாம்பலோடு படுத்திருப்பவனுக்கே உரிமை. உயிரோடு எழுந்து உட்கார்ந்திருக்கும் மந்தாரவதியிடம் விக்கிரமனும் கேட்கவில்லை, வேதாளமும் கேட்கவில்லை.

அவளிடம் கேட்பது எப்படி? என் மாணவிகளுக்கு நான் சொல்வது ஒன்றுண்டு. பழைய இதழ் கையில் கிடைத்தால் கதையைப் படிக்கும் முன் ஓரங்களைப் படியுங்கள். முதல் பக்கத்தில் பால்பாயிண்டால் ஒரு பெயர் எழுதியிருக்கலாம்: ஒரு செல்வி, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு. மாடஸ்டியின் கொண்டைக்கு யாரோ பூ வரைந்திருக்கலாம். மை பூசிய சட்டையின்மேல் பென்சிலால் பொத்தான் வைத்திருக்கலாம். பின்னட்டையில் பால் கணக்கு இருக்கலாம். இவையும் கைகள்தான், நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும் மூலங்கள்தான்.

சந்தையில் இவற்றுக்குக் ‘குறை’ என்று பெயர். ‘பெயர் எழுதாத பிரதி’ என்பதற்குத் தனி விலை உண்டு. பெயர் எழுதியிருந்தால் விலை இறங்கும். ரப்பர் வைத்துத் தேய்த்துப் பெயரை எடுத்துவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இதோடு பாரிஸில் 32 லட்சம் யூரோவுக்குப் போன அந்த டின்டின் ஓவியத்தை வைத்துப் பாருங்கள். அதில் மடிப்புத் தடங்கள் அழுத்தமாகத் தெரியும். பதிப்பாளரின் ஏழு வயது மகனுக்கு எர்ஜே கொடுத்தார், அவன் மடித்து இழுப்பறையில் வைத்திருந்தான் என்பது விற்பனையின்போது சொல்லப்பட்ட கதை. அந்தக் கதையை மறுப்பவர்களும் உண்டு. எப்படியாயினும் ஒரு சிறுவனின் மடிப்பு அந்தத் தாளுக்கு வரலாறாகிவிட்டது, விலையை அது இறக்கவில்லை. நம் சிறுமி எழுதிய பெயர் மட்டும் கறையாக இருக்கிறது.

ஆகவே சேகரியுங்கள், தோழிகளே. மூலத்தாள் வாங்கப் பணம் இருந்தால் அதையும் வாங்குங்கள். வண்ணம் தீட்டியவர், எழுத்து வைத்தவர் யார் என்று விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டாலும் கேள்வியாவது அவர் காதில் விழட்டும். பணம் இல்லையென்றால் பேர் எழுதிய பிரதிகளை வாங்குங்கள், மலிவாகவே கிடைக்கும். அதில் இருக்கும் பெயரை அழிக்காதீர்கள். கீழே உங்கள் பெயரையும், ஊரையும், வாங்கிய தேதியையும் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள்.